ஒற்றை வேட்டுக் கைத்துப்பாக்கி

பழம்பொருள்களின்பால் மனிதர் கொள்ளும் பற்றுக்கு அளவு கூறுதல் எளிதன்று. பழங்காசு, பழஞ்சுவடி, பழங்கடிகாரம் என இவற்றைத் தேடித் திரட்டுவோர் நம்மிடையே பலருளர். உலகம் அவர்களைச் சிறிது நகைப்போடும் பெரிதும் மதிப்போடும் நோக்குகின்றது. அத்தகையோருள் ஒரு சிறு கூட்டத்தாரின் விருப்பம் மட்டும் நமக்குத் திகைப்பை விளைக்கின்றது. அவர்கள் விரும்புவது கொலைக்கருவியை. அதனுள்ளும், முற்காலத்துப் படைவீரர் அரைக்கச்சையிலும் குதிரைச் சேணத்திலும் தாங்கிய, ஒரு முறை வெடித்தால் அத்துடன் ஓய்ந்துவிடும் கைத்துப்பாக்கியை. இக்கவர்ச்சி தகுமா? தகுமெனின் எவ்வளவு தகும்? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கல்விக்கழகத்தின் மலரில் துப்பாக்கிக்கு இடம் உண்டோ என ஐயுறும் அன்பர்கள் சிறிது பொறுத்து, முடிவுவரை படித்துப் பின்னர்த் தம் தீர்ப்பைக் கூறுவாராக.

இவ்வினா எமக்கு நூல்களிலிருந்து எழுந்ததன்று. மேற்கு மாம்பலத்து வீடொன்றின் பரணிலிருந்து எழுந்தது. அங்கே ஏரிக்கரையை இன்றும் பெயரளவில் நினைவூட்டும் தெருவுக்கு அண்மையில் எம் நண்பர் ஒருவர் குடியிருக்கின்றார். அவர்தம் முன்னோர் ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து வந்தவர். அவருள் ஒருவர் கம்பெனியார் காலத்தில் படைச் சம்பளக் கணக்கு எழுதியவரென்று குடும்பத்தார் கூறுவர். நவராத்திரிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கொலுப் பொம்மைப் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கினர். எல்லாவற்றுக்கும் பின்னே, எவரும் பல்லாண்டாகத் திறவாத தகரப்பெட்டியொன்று இருந்தது. அதனுள், பழைய பட்டுத்துணியில் சுற்றிய மரப்பாச்சி இரண்டும், அவற்றின் அடியில், துருவேறிய கைத்துப்பாக்கியொன்றும் கிடந்தன.

வீட்டில் உடனே மூன்று கட்சிகள் தோன்றின. பொறியியல் பயிலும் பேரன், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கூடத்துச் சுவரில் மாட்டவேண்டும் என்றான். அவன் தந்தையார், விலை மதிப்பறிந்து விற்றுவிடலாம் என்றார். எண்பதைக் கடந்த பாட்டியார், "அதை என் கண்ணெதிரே வைக்காதே, கிணறு இருந்தால் அதிலேயே போட்டிருப்பேன்" என்றார். மூவரும் ஒருவர்க்கொருவர் இணங்காமையால், சரித்திரம் கற்பிக்கும் எம்மை அழைத்தனர். நாம் மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கிச் சென்றபோது மாலை ஆறு மணி. பேரன் அதைக் கையிலேந்திக் குதிரையைப் பின்னிழுத்து, கொலுப்படியில் வீற்றிருந்த செட்டியார் பொம்மையைக் குறிவைத்து, விசையை அழுத்திக்கொண்டிருந்தான். அன்று பகல் முழுவதும் அவன் தங்கையும் அவ்வாறே குறிவைக்கப்பட்டாளென்று பின்னர் அறிந்தோம். "ஸார், இது இன்னும் சுடுமா?" என்பதே அவன் எம்மை வரவேற்றுக் கேட்ட முதல் வினா.

அக்கருவியின் தன்மையை முதற்கண் கூறுவோம். குழல் ஏறத்தாழ ஒன்பது அங்குல நீளம். அதன் உள்விட்டம் சிறுவர் ஆடும் கோலிக்குண்டு இலகுவாக நுழையும் அளவினது. எடை ஒரு கிலோவுக்கு மேல். வால்நட்டு மரத்தாலான கட்டை. பிடியின் அடியில் தடித்த பித்தளைக் கவசம். மருந்திடிக்கும் இரும்புக்கம்பி, குழல்வாயின் அருகே ஒரு திருகுகண்ணியால் பிணிக்கப்பட்டு, எங்கும் வீழ்ந்துவிடாதபடி அமைந்திருந்தது. பக்கத்தகட்டின்மேல், துருவினூடே, முன்கால்களில் முடியொன்றைத் தாங்கி நிமிர்ந்து நிற்கும் சிங்கத்தின் உரு தெரிந்தது. அச்சிங்கம் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் முத்திரை. 1808ஆம் ஆண்டுக்கு முன்னர் அவர்கள் தம் படைக்கலங்களில் நான்காகப் பகுத்த இதய வடிவக் குறியைப் பொறித்து வந்தனர். பின்னரே சிங்கத்தை மேற்கொண்டனர். ஆகவே இது குதிரைப்படைக்கென்று 1808க்குப் பின்னர்ச் செய்யப்பட்டதென்று துணியலாம். அந்தப் பிணித்த கம்பியும் அதற்கே சான்று. ஓடுகின்ற குதிரையின்மேல் இருப்பவன் கை தவறிக் கம்பியைக் கீழே விட்டால், அவன் துப்பாக்கி அன்று முழுதும் வெறுங்கட்டையே.

இனி அது தொழிற்படும் முறை. குழல்வாயின் வழியே கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக்குண்டும் தாளும் இட்டுக் கம்பியால் இடிக்கவேண்டும். கருமருந்தாவது நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் சேர்ந்தது. அவ்வெடியுப்பைக் கம்பெனியார் பீகார் நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றனர் என்பது சரித்திரம். பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்தில், நம் முன்னோர் இரஞ்சகம் என்று பெயரிட்ட நுண்மருந்தைச் சிறிது இட்டு மூடவேண்டும். விசையை அழுத்தினால், குதிரையின் வாயில் கவ்வியுள்ள சிக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி சிந்தும். பொறி இரஞ்சகத்தைப் பற்றும். அத்தீ பற்றுவாய் என்னும் சிறு துளை வழியே உட்சென்று குழலிலுள்ள மருந்தைக் கொளுத்தும். இவையனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தால்தான் குண்டு புறப்படும். கல் மழுங்கினும், மழைத்துளி ஒன்று கிண்ணத்தில் விழினும், துளையில் கரி அடைப்பினும், வேட்டு இல்லை. புறப்பட்ட குண்டும், குழலினுள் வரிப்பள்ளம் இன்மையால், சில கஜ தூரத்துக்கு அப்பால் இன்னவிடத்துப் படுமென்று சொல்ல இயலாது. மீண்டும் நிரப்புவதற்கோ பகைவன் அவகாசம் தரமாட்டான். ஆதலின் வீரன் அதனைத் திருப்பிக் குழலைப் பற்றிக்கொண்டு, பித்தளைப் பிடியால் மோதுவான். பிடியின் கவசம் தடித்திருந்தமைக்கு அதுவும் ஒரு காரணம்.

இத்துணைக் குறையுள்ள கருவி, இருநூறு ஆண்டு கழித்து, ஒரு கல்லூரி மாணவனின் உள்ளத்தைக் கொள்ளைகொள்வது ஏன்? எம் அறிவுக்கெட்டியவரை மூன்று காரணங்கள் உள.

முதலாவது, அதன் கைத்தொழில். மரத்தை இரும்போடு மயிரிழையும் இடைவெளி இன்றிப் பொருத்திய தச்சன், வில்லைப் பதமிட்ட கொல்லன், குழலைத் துளைத்த கம்மியன் ஆகியோரின் கைச்சுவடு அதில் தெரிகின்றது. திப்பு சுல்தானின் ஆயுதசாலையில் செய்யப்பட்டவை புலிமுகமும் புலிவரியும் பொறித்து விளங்கின. அவற்றை இன்று உலகின் பெருஞ்செல்வர் ஏலத்தில் போட்டியிட்டு வாங்குகின்றனர். இரண்டாவது, அது விளங்கும் இயந்திரம். இக்காலத்துக் கருவிகள் தம் உள்ளுறுப்புகளை மறைத்து வைக்கின்றன. இதிலோ கல், எஃகு, கிண்ணம், துளை யாவும் கண்ணெதிரே நின்று, காரண காரியத்தை ஒரு பாடம்போல் விளக்குகின்றன. இவ்விரண்டையும் நாம் மனமுவந்து ஒப்புக்கொள்ளுகின்றோம். இவை குற்றமற்ற இன்பங்கள்.

மூன்றாவது காரணமே ஆராயத்தக்கது. இக்கருவிகளை விரும்புவோர் வாயில் நாம் பன்முறை கேட்டது இது: "ஒரே குண்டு, ஆகவே அதைத் தாங்கியவன் சிந்தித்தான். இன்றைய துப்பாக்கி நொடிக்குப் பல குண்டுகளை அள்ளி இறைக்கின்றது. அதில் பொறுப்பும் இல்லை, வீரமும் இல்லை. அன்றையவனோ ஒன்றே வாய்ப்பு என்று அறிந்து, எதிரியின் கண்ணைப் பார்த்து, நிதானித்துச் சுட்டான்." மேற்கு மாம்பலத்து மாணவனும் இதனையே, இன்னும் அழகாக, எம்மிடம் கூறினான். வாழ்க்கையிலும் ஒரே வாய்ப்புத்தானே என்று உவமையும் சேர்த்தான். கேட்பதற்கு இனிய வாதம். தேர்வுக்குச் செல்லும் மாணவர்க்கு நாமே சொல்லக்கூடியது போன்றது. ஆனால் அது உண்மையா?

சான்றுகளை நோக்குவோம், தொலைவு செல்லவேண்டா, நம் சென்னையிலேயே உள. 1744ஆம் ஆண்டில் ஜார்ஜ் கோட்டைக்கு எழுத்தராக வந்த ராபர்ட் கிளைவ், தனிமையும் மனச்சோர்வும் தாங்காது, கைத்துப்பாக்கியால் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாரென்றும், இருமுறையும் அது வெடிக்கவில்லையென்றும் நெடுங்காலமாக ஒரு கதை வழங்குகின்றது. தாம் ஏதோ பெருங்காரியத்துக்கென்று காக்கப்பட்டதாக அவர் கருதினாராம். கதையின் உண்மை எவ்வாறாயினும், அதைக் கூறுவோர் வியப்பது விதியை. நாம் அதில் காண்பது ஈரம் பட்ட இரஞ்சகத்தையோ மழுங்கிய கல்லையோதான். அவ்விளைஞரைக் காத்தது அக்கருவியின் நிதானமன்று, அதன் பழுது. பழுதை அறமென்று போற்றுதல் முறையன்று.

மற்றொன்று. 1784ஆம் ஆண்டில் சென்னைக் கவர்னராயிருந்த மெக்கார்ட்னி பிரபுவுக்கும் அவர்தம் ஆலோசனைச் சபை உறுப்பினர் ஸாட்லியர் என்பார்க்கும் சொற்போர் முற்றி, இருவரும் கைத்துப்பாக்கி ஏந்தி எதிரெதிர் நின்றனர், கவர்னர் காயமுற்றார். ஓர் இராஜதானியை ஆள்பவர், சபையில் எழுந்த ஒரு பேச்சுக்காகத் தம் உயிரை ஒரு குண்டின்மேல் வைத்தார். ஒற்றை வேட்டு அவரைச் சிந்திக்கச் செய்ததா? இரண்டே ஆண்டில், 1786இல், தாம் முன்னர்ப் பதவி நீக்கிய தளகர்த்தர் ஸ்டூவர்ட்டோடு இலண்டனில் மீண்டும் எதிர்நின்று, மீண்டும் காயமுற்றார். வங்காளத்திலும் 1780ஆம் ஆண்டில் வாரன் ஹேஸ்டிங்ஸும் பிலிப் பிரான்சிஸும் இவ்வாறே பொருதனர். குண்டு ஒன்றே என்பது சினத்தைத் தணிக்கவில்லை. அதற்கு மானமென்று ஒரு நற்பெயரையும் சடங்கையும் கொடுத்ததே அது செய்த பணி.

குதிரைவீரர் நிலை என்ன? அவர்களும் ஒற்றைக் குண்டின் பெருமையை விரும்பியவரல்லர். ஒன்று போதாதென்று, சேணத்தின் இருபுறத்தும் உறையிட்டு இரண்டு தாங்கிய காலமும் உண்டு. தீப்பற்றும் முறையின் குறையை நீக்கவும் பலர் முயன்றவண்ணமே இருந்தனர். அவருள் வெற்றி பெற்றவர் ஸ்காட்லாந்தில் ஒரு சிற்றூர்ச் சபையின் போதகராயிருந்த அலெக்ஸாண்டர் பார்சைத் என்பது நம்போன்ற கல்லூரியார்க்குச் சுவை பயப்பதாம். வேட்டையில் விருப்பமுடைய அவர், கிண்ணத்து மருந்து பளிச்சிட்டவுடன் பறவைகள் எச்சரிக்கை பெற்றுப் பறந்துவிடுவது கண்டு, அடித்தால் வெடிக்கும் மருந்தினால் தீமூட்டும் முறையைக் கண்டு, 1807ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்ததே கேப்புத் துப்பாக்கி. 1836இல் அமெரிக்கராகிய ஸாமுவேல் கோல்ட் சுழலும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். ஆறு குண்டு சுடக்கூடும் என்றவுடன் உலகம் ஆறு குண்டையே வாங்கிற்று. ஒற்றை வேட்டு நிதானத்தைக் காத்தது, அதனை விடோம் என்று படைத்தலைவர் எவரும் அதற்காக வாதாடவில்லை. ஆகவே அக்காலத்தவர் ஒரு குண்டோடு நின்றது பொறுமையால் அன்று, இயலாமையால்.

இன்னும் ஒரு சான்று கூறி இப்பகுதியை முடிப்போம். ஒற்றை வேட்டுப் படைத்துப்பாக்கி பழங்காலத்தோடு அழிந்ததென்று கருதுவோர் 1942ஆம் ஆண்டை நோக்குக. அவ்வாண்டில் அமெரிக்க அரசாங்கம், பகைவர் வசப்பட்ட நாடுகளின் மக்களுக்கு இரகசியமாக வழங்குதற்கென்று, தகட்டை வளைத்துச் செய்த மலிவான கைத்துப்பாக்கிகளைச் சில மாதங்களில் ஏறத்தாழப் பத்து இலட்சம் செய்வித்தது. விடுவிப்போன் என்பது அதன் பெயர். ஒரு முறையே சுடும். அதன் நோக்கமும் மறைவானதன்று: தனித்து நிற்கும் படைவீரனை அண்மையிலிருந்து ஒரு குண்டால் வீழ்த்தி, அவனுடைய நல்ல துப்பாக்கியைக் கைப்பற்றுக என்பதே. ஒற்றைக் குண்டின் உள்ளியல்பை அதனினும் தெளிவாக உரைக்கும் கருவி இல்லை. அஃது ஒரு முறை கொல்லுதற்குரியது; அவ்வளவே.

இதனால், பழங்கருவியில் அறத்தைக் காணும் ஆசை நாம் பிற்காலத்தில் அதன்மேல் ஏற்றியது என்பது பெறப்படும். இன்னுமொன்று நம் நாட்டு மாணவர் எண்ணவேண்டுவது. அக்குழலுக்கு இரு பக்கங்கள் உள. பிடிப்பக்கம் ஒன்று, வாய்ப்பக்கம் ஒன்று. நம் முன்னோர் பெரும்பாலும் எப்பக்கம் நின்றனர்?

1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்னும் தளகர்த்தர் குதிரைப்படையோடு விரைந்து வந்தார். அன்று பொழுது சாய்வதற்குள் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். அதற்கு ஐந்தாண்டு முன்னர், பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கையும் வீழ்ந்தபின், 1801 டிசம்பரில், சென்னைக் கவர்னர், பாளையத்தார் படைக்கலம் தாங்கலாகாதென்று பிரகடனம் விடுத்தார். அக்கவர்னர் யார்? கைத்துப்பாக்கி வெடியாமையால் பிழைத்தாரென்று கதை கூறப்படும் ராபர்ட் கிளைவின் மைந்தர் எட்வர்ட் கிளைவ். 1878ஆம் ஆண்டு, லிட்டன் பிரபுவின் ஆட்சியில் இயன்ற ஆயுதச் சட்டம் இந்தியர்க்கு உரிமம் வேண்டுமென்றும் ஐரோப்பியர்க்கு விலக்கென்றும் வகுத்தது. இவற்றை அறிந்தபின், மாம்பலத்துப் பரணில் கிடந்த சிங்க முத்திரைத் துப்பாக்கியை வெறும் அழகென்று மட்டும் பார்த்தல் இயலுமோ? நம் கணக்கர் முன்னோர் அதனை எங்ஙனம் பெற்றார், பரிசாகவோ விலைக்கோ, எவருக்கும் தெரியாது. அவர் கையில் அது வந்தது அக்காலத்தில் ஒரு பெருமையாயிருந்திருக்கும். பெட்டியின் அடியில் பட்டுத்துணி சுற்றி மறைத்தது ஓர் அச்சமாயிருந்திருக்கும்.

இவ்வளவும் நாம் அன்று மாலை அம்மாணவனிடம் கூறினோமல்லோம். அன்று கூறியது ஒன்றே: "தம்பி, அதைக் கீழே வை. நிரம்பியிருக்கின்றதா என்று பார்த்தாயா?" அவன் நகைத்தான். இத்துணைப் பழையதிலா என்பது அவன் கருத்து. பழைய துப்பாக்கிகள் பல, இறுதியாகத் தாங்கியவன் நிரப்பியபடியே பெட்டியில் உறங்குவதுண்டு என்பதை அவன் அறியான். கருமருந்து உலர்ந்திருப்பின் நூறாண்டு கழித்தும் தீப்பற்றும். நண்பர் அன்றே காவல் நிலையத்துக்கு எழுத்தின் மூலம் அறிவித்தார். அவர்தம் இசைவின்மேல், உரிமம் பெற்ற படைக்கல வணிகர் ஒருவர், இக்கலையில் முதிர்ந்தவர், வீட்டுக்கே வந்தார்.

அவர் செய்த சோதனை எளியது. மெல்லிய மரக்குச்சியொன்றைக் குழல்வாயினுள் மெல்லச் செலுத்தி, அது நின்றவிடத்தில் அடையாளமிட்டார். பின்னர்க் குச்சியை வெளியே எடுத்துக் குழலின் புறத்தே வைத்தார். குச்சியின் முனை பற்றுவாய் வரை சென்றிருக்கவேண்டும். செல்லவில்லை. ஏறத்தாழ இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. அங்கிருந்தோர் எவரும் பேசவில்லை. பேரன் தன் தங்கையைப் பார்த்தான்.

எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, திருகுமுனைக் கம்பியால் அவர் இரண்டு நாளில் அதனை வெறிதாக்கினார். முதலில் பழுப்பேறிய தாள். பின்னர் வெண்மை பூத்த ஈயக்குண்டு ஒன்று. அதன் பின்னர்க் கருமருந்து. எண்ணெய் படாத ஒரு சிட்டிகையை மொட்டைமாடியில் ஓட்டுத் துண்டின்மேல் வைத்து ஊதுவத்தியால் தொட்டார். பளிச்சென்று எரிந்து வெண்புகை எழுந்தது. இருநூறாண்டுக்கு முன்னர் எவனுக்கென்று இடப்பட்ட மருந்தோ, மேற்கு மாம்பலத்து மாடியில், எவரையும் வருத்தாது எரிந்தது. "குதிரையின் வாயில் கல் இல்லை, கிண்ணத்தில் மருந்தும் இல்லை, அதனால் பிழைத்தோம்" என்றார் அம்முதியவர். கிளைவின் கதையில் நாம் கூறியதையே இங்கும் கூறவேண்டும். காத்தது கருவியின் பழுது, மாணவனின் நிதானமன்று.

இந்நிகழ்ச்சியால், பழங்கருவிகள் யாவற்றையும் உருக்கிவிடுக என்று நாம் கூறுவோமெனச் சிலர் எதிர்பார்ப்பர். எம் கருத்து அதுவன்று. 1855ஆம் ஆண்டில் தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் ஆண் வாரிசின்றி இறந்தபின், அரண்மனை ஆயுதசாலை அரசாங்கத்தின் கைப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் திரண்ட வாளும் கட்டாரியும் பெருமளவில் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டன. தெரிந்தெடுத்த ஒரு பகுதியே சென்னை வந்து, 1851இல் நிறுவப்பட்ட அரசினர் அருங்காட்சியகத்தில், எழும்பூரில், இன்றும் நின்று, தமிழகத்துக் கொல்லரின் திறத்தை உலகுக்குக் காட்டுகின்றது. உடைந்தவை எவை, எத்தகையன என்று இனி யாரும் அறியோம். பாட்டியாரின் கிணறும் அரசாங்கத்தின் உலைக்களமும் ஒன்றே. இரண்டும் குற்றத்தை அழிப்பதாக எண்ணிச் சான்றை அழிக்கின்றன.

தனியார் திரட்டுவதையும் நாம் முற்றும் பழிக்கோம். அரசாங்கமே இரும்புக்கு விற்ற காலத்தில், விலை கொடுத்து வாங்கிக் காத்தோர் தனியாரே என்பதை மறத்தல் நன்றிகேடாம். ஆயின் திரட்டுவோர்க்குச் சட்டமும் ஒழுங்கும் உள. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பழமையானதாயினும் பழுதானதாயினும், செப்பனிட்டும் செப்பனிடாமலும் சுடவே இயலாத கருவிக்கு மட்டுமே விலக்கு அளிக்கின்றது. எம் நண்பரின் கருவி அவ்வாறில்லை என்பதை மாடியில் எழுந்த புகையே காட்டிற்று. 2020ஆம் ஆண்டுத் திருத்தம் பழம்பொருளாகிய சில வகைச் சிறு துப்பாக்கிகளை உரிமமின்றி வைத்திருக்க இடந்தந்தது. எனினும் அவற்றைச் சுடவோ ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுசெல்லவோ உரிமம் வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி நூறாண்டைக் கடந்த இத்தகைய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றம். இவற்றை அறியாது, பழையதுதானே என்று கைப்பையில் இட்டு மின்ரயிலில் ஏறுவோன் தனக்கே தீங்கு தேடுகின்றான்.

பேரனின் கட்சிக்கும் ஒரு சொல். தேய்த்துப் பளபளப்பாக்குதல் பெரும்பிழை. மணற்காகிதம் முதலில் தின்பது அச்சிங்கத்தையும், தகட்டிலுள்ள சிறு எழுத்துகளையும், ஆய்வுமுத்திரைகளையுமே. அவையே அக்கருவியின் வாய். வாயைத் தேய்த்துவிட்டு முகத்தை மெழுகுவதால் பயன் என்னை? துரு பரவாதபடி மெல்லிய எண்ணெய் பூசி, ஈரமற்ற இடத்தில் வைத்தல் போதும்.

எனவே எம் அபிப்பிராயம் இது. இக்கருவிகளின் கவர்ச்சி பொய்யன்று. தொழில்நயமும் இயந்திர விளக்கமும் மெய்யான நலன்களே. ஆனால் அவற்றுக்கு உரிய இடம் கூடத்துச் சுவரன்று. சுவரில் மாட்டிய துப்பாக்கி, வீட்டாரின் பெருமையை மட்டுமே பேசும். அருங்காட்சியகத்தில், பெயரும் ஆண்டும் எழுதிய சீட்டோடு வைத்தால், தன் வரலாற்றை முழுமையும் பேசக்கூடும். பேசக்கூடும் என்றோம், பேசுகின்றது என்றோமல்லோம். ஏனெனில் நாம் கண்ட பல சீட்டுகள் கருவியின் பெயரையும் நூற்றாண்டையும் கூறி நிறைவடைகின்றன. அதைச் செய்தவன் யார், தாங்கியவன் யார், யார்மேல் நீட்டினான் என்பவற்றுள் அறிந்த அளவையாவது எழுதினால், பார்வையாளர் பிடிப்பக்கத்தில் மட்டும் நில்லாது, வாய்ப்பக்கத்திலும் ஒரு கணம் நிற்பர். கற்பனையில் அவ்வாறு நிற்கக் கற்பிப்பதே சரித்திரப் பாடத்தின் பயனென்று நாம் நம்புகின்றோம். 1948இல் திறக்கப்பட்ட கோட்டை அருங்காட்சியகமும் எழும்பூர் அருங்காட்சியகமும் மாம்பலத்திலிருந்து ரயிலில் சில நிலையங்களே. நம் மாணவர் எத்தனை பேர் ஒரு முறையேனும் சென்றுளர்?

எம் நண்பர் வீட்டுச் செய்தியைக் கேட்க விழையும் அன்பர்களுக்கு: துப்பாக்கி இப்பொழுது சட்டப்படி அவ்வணிகரின் காவலில் உளது. அதனை அருங்காட்சியகத்துக்கு அளிக்கும் விருப்பத்தை வீட்டார் எழுதியனுப்பியுள்ளனர். விற்பனை வேண்டுமென்ற தந்தையார், குச்சி குறைந்து நின்ற அன்றே அப்பேச்சை விட்டார். விண்ணப்பத்தை எழுதியவன் பேரன். குழலின் அளவு, முத்திரை, கிடைத்த இடம் யாவும் ஒழுங்காக எழுதியிருந்தான். பாட்டியார் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, ஒன்று குறைகின்றதென்றார். "அது நிரம்பியிருந்தது என்று எழுது. நீ அதைத் தங்கைமேல் நீட்டினாய் என்றும் எழுது" என்றார். அவன் சிறிது நேரம் தயங்கினான், பின்னர் எழுதினான். அவ்விரண்டு வரிகளே அவ்விண்ணப்பத்தில் சிறந்தவை என்பது எம் கருத்து.

ஈயக்குண்டை அவன் தன் மேசைமேல் வைத்திருக்கின்றான். கேட்போர்க்கெல்லாம் காட்டுகின்றான், ஆனால் ஒற்றை வாய்ப்பு, நிதானம் என்னும் பேச்சை அவன் வாயிலிருந்து நாம் மீண்டும் கேட்கவில்லை. நம் மாணவர் பழம்பொருளை விரும்புக, தேடுக, காக்க. கையில் எடுக்குமுன், அதனுள் இன்னும் யாது எஞ்சியிருக்கின்றதென்று பார்த்துக்கொள்க.